கால் பழகாது, பூட்ஸ்தான் பழக வேண்டும்

ஐஸ் ஸ்கேட் வலிக்கத்தான் செய்யும் என்பது ரிங்குகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் பாடம். புது பூட்ஸ் போட்ட முதல் சில வாரங்களில் கொப்புளம் வரும், கணுக்கால் கன்றிப்போகும், விரல்கள் மரத்துப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் கால் தானாகப் பழகிவிடும். பொறுக்க முடியாதவருக்கு இந்த விளையாட்டு சரிப்படாது. பயிற்சியாளர் மாணவரிடம் இதைச் சொல்கிறார், மூத்த வீரர் இளையவரிடம் சொல்கிறார், கடைக்காரர் வாங்க வந்தவரிடம் சொல்கிறார். கேட்டவரும் வலியைத் தன் உறுதிக்கு வைக்கப்பட்ட தேர்வாக எடுத்துக்கொள்கிறார். இந்தக் கருத்து தவறானது. ஸ்கேட்டுக்குள் ஓரிடத்தில் குத்தி வலித்தால், அந்த இடத்தில் பூட்ஸின் வடிவமும் காலின் வடிவமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அந்தப் பொருத்தமின்மையைத் திருத்த முடியும். திருத்த வேண்டியது பூட்ஸை.

கருத்து இவ்வளவு காலம் நீடிப்பதற்குக் காரணம் அதில் பாதி உண்மை இருப்பதுதான். புது ஸ்கேட் பூட்ஸ் விறைப்பாக இருக்கும். கணுக்கால் மடங்கும் இடத்தில் அது வளைந்துகொடுக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பாதத்திலும் கெண்டைக்காலிலும் ஒரு அயர்ச்சி இருக்கும். இதை யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியது, இந்த அயர்ச்சியைக் காட்டி எல்லா வலியையும் ஒரே கணக்கில் சேர்ப்பதைத்தான். பாதம் முழுவதும் பரவியிருக்கும் இறுக்கம் வேறு. ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில் சுள்ளென்று குத்தும் வலி வேறு. முதலாவது நாளுக்கு நாள் குறையும். இரண்டாவது அப்படிக் குறையாது. குறைந்ததுபோலத் தோன்றினால், அந்த இடத்தில் உடல் ஏதோ ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

பூட்ஸின் வேலை

ஃபிகர் ஸ்கேட்டின் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன்; ஹாக்கி ஸ்கேட்டின் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர்; ஸ்பீடு ஸ்கேட்டின் பிளேடு 1 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். முதல் இரண்டு வகைகளிலும் பிளேடின் அடிப்பக்கம் நீளவாக்கில் குழிவாகத் தீட்டப்பட்டிருக்கும். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்மையான விளிம்புகள் கிடைக்கின்றன. வளைந்து திரும்புவது, நிற்பது, குதிப்பது எல்லாம் இந்த விளிம்புகளில் ஏறி நிற்பதால் நடப்பவை. உடல் சாயும்போது அந்தச் சாய்வு பாதத்திலிருந்து பூட்ஸுக்கும் பூட்ஸிலிருந்து பிளேடுக்கும் உடனே போய்ச் சேர வேண்டும். பாதம் உள்ளே சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும், உடல் சாய்ந்து சற்றுத் தாமதித்தே பிளேடு சாயும். அந்த இடைவெளியில் சமநிலை தவறும். ஆகவே ஸ்கேட் சாதாரணக் காலணியைவிட நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நெருக்கம் எங்கெங்கே எவ்வளவு வேண்டும் என்பதற்குத் தெளிவான விதி உண்டு. குதிகால் பூட்ஸின் பின்குழியில் அசையாமல் உட்கார வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போதும் அது மேலே எழும்பக் கூடாது. பாதத்தின் நடுப்பகுதியை இரு பக்கங்களிலும் மேல்புறத்திலும் பூட்ஸ் சீராகத் தழுவியிருக்க வேண்டும். விரல்கள் நேராக நீண்டு கிடக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் நுனி முன்புறத்தை லேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கியதும் பின்வாங்கிவிட வேண்டும். விரல்கள் மடங்கி நசுங்குவதால் பிளேடின் மீது கட்டுப்பாடு சிறிதும் கூடுவதில்லை.

அழுத்தம் பரவலாக இருந்தால் அது பிடிமானம்; ஒரே புள்ளியில் குவிந்தால் காயம். அதிகம் வலிக்கும் பூட்ஸ் அதிகம் பிடிக்கும் என்ற நம்பிக்கை இங்கேயே அடிபட்டுப் போகிறது. நடைமுறையில் பெரும்பாலும் நேர்மாறாகவே நிகழ்கிறது. உள்பக்கக் கணுக்கால் எலும்பு வலிக்கும் ஒருவர் அந்தப் பக்கம் சாய்வதைத் தன்னையறியாமல் தவிர்க்கிறார். அவருடைய உள்விளிம்பு ஆழமின்றிப் போகிறது. பயிற்சியாளர் அதை உத்திக் குறையாகக் கண்டு திருத்த முயல்கிறார். குறை பூட்ஸின் சுவரில் இருக்கிறது.

தோல் பூட்ஸ் காலத்துப் பாடம்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்கேட் என்பது அன்றாட பூட்ஸின் அடியில் தோல்வாரால் கட்டிக்கொள்ளும் பிளேடு மட்டுமே. 1860-களில் அமெரிக்கரான ஜாக்சன் ஹைன்ஸ் பிளேடை பூட்ஸோடு நிலையாகப் பிணைத்து ஆடினார். கட்டு அவிழாது, பிளேடு நழுவாது என்ற உறுதி வந்ததால் சுழற்சியும் தாவலும் வளர்ந்தன. அதோடு பூட்ஸ் கருவியின் ஒரு பகுதியாகிவிட்டது. அதன் விறைப்பும் ஏறிக்கொண்டே போனது.

அடுத்த நூறு ஆண்டுகள் பூட்ஸ் தோலால் ஆனது. 1933-இல் தொடங்கிய கலிபோர்னியாவின் ஹார்லிக், 1947-இல் தொடங்கிய மினசோட்டாவின் ரீடெல் போன்ற பட்டறைகள் தடித்த தோலைப் பல அடுக்காக ஒட்டித் தைத்தன. வியர்வையின் ஈரமும் காலின் சூடும் படப்படத் தோல் இளகும். மெல்ல மெல்லக் காலின் வடிவத்தை ஏற்கும். புதுத் தோல் செருப்பு முதல் வாரம் கடித்துவிட்டுப் பிறகு காலோடு ஒட்டிக்கொள்வதைப் போன்றதுதான் இதுவும். ‘பொறுத்துக்கொள், சரியாகிவிடும்’ என்ற அறிவுரை பிறந்தது அந்தக் காலத்தில். அன்று அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அப்போதுகூடப் பழகியது கால் இல்லை, தோல்.

இன்றைய பூட்ஸின் பொருள் வேறு. 1970-களில் வார்ப்பு பிளாஸ்டிக் பூட்ஸ் பரவியது. இப்போதைய உயர்தர ஹாக்கி பூட்ஸின் ஓடு பலவித இழைகளைப் பசையில் இறுக்கிச் செய்த கலப்புப் பொருள். ஸ்பீடு ஸ்கேட் பூட்ஸ் கார்பன் இழையால் ஆனது. ஃபிகர் ஸ்கேட் பூட்ஸிலும் செயற்கை மேலுறையும் சூட்டில் இளகும் நுரைப் பஞ்சும் வந்துவிட்டன. இவை உடல் சூட்டுக்கு இளகுபவை அல்ல. இவற்றின் வடிவத்தை மாற்ற சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கென்றே கடைகளில் அடுப்பு இருக்கிறது. இத்தகைய பூட்ஸ் முதல் நாள் எங்கே கடிக்கிறதோ, ஆறு மாதம் கழித்தும் அங்கேயே கடிக்கும். தோல் காலத்து அறிவுரையை இந்த பூட்ஸுக்குச் சொல்வது, அந்த அறிவுரைக்கு ஆதாரமாக இருந்த பொருளே இல்லாமல் போன பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது.

‘கால் பழகிவிடும்’

கால் பழகுகிறது என்று சொல்லப்படுவது உண்மையில் என்ன என்பதை ஒவ்வொரு இடமாகப் பார்க்கலாம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றிலும் அவற்றோடு சேரும் காலெலும்பு முனைகளிலும் சில தோலுக்கு மிக அருகில், சதை மெத்தையின்றி நிற்கின்றன: கணுக்காலின் இரு புற முண்டுகள், குதிகாலின் பின்முனை, சுண்டுவிரலின் அடிமூட்டு, பாதத்தின் உள்வளைவில் இருக்கும் படகெலும்பு. ஸ்கேட் அதிகம் கடிக்கும் இடங்களும் இவையே.

கணுக்கால் முண்டின் மீது விறைத்த சுவர் நாளும் உரசினால், தோலுக்கும் எலும்புக்கும் இடையில் உடல் ஒரு திரவப் பையை உண்டாக்குகிறது. ஃபிகர் ஸ்கேட்டர்களின் உள்கணுக்காலில் கோலிக்குண்டு போலவும் சில சமயம் எலுமிச்சம்பழம் போலவும் துருத்தி நிற்பது அதுதான். தொடக்கத்தில் அது மெத்தையாகி வலியைக் குறைக்கும். ‘பழகிவிட்டது’ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வீக்கம் பூட்ஸுக்குள் இன்னும் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் கூடுகிறது, பை மேலும் பெருக்கிறது. தோல் கிழிந்து கிருமி நுழைந்துவிட்டால் மருந்தும் ஓய்வும் மட்டுமின்றிச் சில நேரம் அறுவையும் தேவைப்படுகிறது.

குதிகாலின் பின்னால் நடப்பது இதைவிட நிலையானது. அங்கே எலும்பு மேடிட்டுப் போவதை ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் பாட்ரிக் ஹாக்லுண்ட் 1920-களின் இறுதியில் விவரித்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பின்புறம் விறைத்த காலணி குதிகாலை ஓயாமல் உரசுவது இந்த மேட்டைச் சீண்டி, அதையும் அதன்மேல் போகும் குதிநாணையும் அழற்சிக்கு உள்ளாக்குகிறது. குதிகால் தளர்வான பூட்ஸில் ஒவ்வொரு அடியிலும் மேலும் கீழும் தேய்வதால் ஸ்கேட்டர்களுக்கு இது சகஜம். எலும்பு ஒருமுறை மேடிட்டால் பூட்ஸை மாற்றினாலும் கரைந்துபோகாது.

கணுக்காலின் முன்புறம், லேஸ் குறுக்கே ஓடும் இடத்தில், விரல்களையும் பாதத்தையும் மேலே தூக்கும் தசைநாண்கள் தோலுக்குச் சற்றே அடியில் செல்கின்றன. பூட்ஸின் நாக்கு மெலிந்துபோய், லேஸும் அளவுக்கு மீறி இறுகியிருந்தால், ஒவ்வொரு முறை முழங்காலை மடக்கும்போதும் அந்த நாண்கள் நசுங்குகின்றன. ஹாக்கி வீரர்கள் ‘லேஸ் பைட்’ என்று சொல்லும் வலி இதுதான். பாதத்தின் மேல்புறம் நரம்பு அழுந்தினால் விரல்கள் மரத்துப்போகும். மரத்துப்போன காலால் பிளேடின் எந்தப் பகுதியில் எடை இருக்கிறது என்று உணர முடியாது. விரல்கள் நெருங்கி நசுங்கும் இடத்தில் காய்ப்பும் கால் ஆணியும் வருகின்றன.

இவை அனைத்தும் உடல் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சிகள். திரவப் பை, எலும்பு மேடு, காய்ப்பு ஆகியவற்றைப் பழக்கம் என்று அழைத்து மாணவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது, செருப்புக்கு ஏற்றபடி காலைச் செதுக்கச் சொல்வதுதான்.

சிறுவர்களின் விஷயத்தில் இது இன்னும் கண்டிக்கத்தக்கது. வளரும் குழந்தையின் குதிகால் எலும்பில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். பதின்பருவத்தில்தான் அது எலும்பாகி இணையும். ஓட்டமும் குதியும் மிகும் வயதில் அந்த இடம் அழற்சியுற்று வலிப்பதை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் செவர் 1912-இலேயே விவரித்தார். வலிக்கும் குதிகாலோடு ரிங்கிலிருந்து வரும் பத்து வயதுக் குழந்தையிடம் உறுதியைப் பற்றிப் பேசுவதற்கு முன், பூட்ஸின் அளவைப் பார்ப்பது பெரியவர்களின் கடமை.

சாம்பியன்களின் சாட்சியம்

எதிர்த்தரப்பு முன்வைக்கும் வலுவான சான்று பெரிய வீரர்கள். கனடாவின் ஹாக்கி வீரர் பால் காஃபி தன் காலணி அளவைவிட மிகச் சிறிய ஸ்கேட்டுகளை அணிந்தவர் என்று பெயர் பெற்றவர்; அவருடைய வேகத்தைப் பார்த்தவர்கள் அந்த இறுக்கத்தையே அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். இன்னொரு கனடிய ஹாக்கி வீரரான பாபி ஓர் சாக்ஸே இல்லாமல் ஆடினார். இவர்களே தாங்கிக்கொண்டார்கள் என்றால் மற்றவர்கள் தாங்க வேண்டாமா என்பது வாதம்.

முதலாவதாக, இந்த உதாரணங்கள் காட்டுவது நெருக்கமான பொருத்தத்தை. காயத்தின் பயனை அல்ல. சாக்ஸ் இல்லாமல் ஒரு பருவம் முழுக்க ஆட முடிகிறது என்றால், அந்த பூட்ஸில் எலும்போடு முட்டும் புள்ளி இல்லை என்பதே அதன் பொருள். தொழில்முறை வீரருக்கு பூட்ஸைச் சூடாக்கி, தட்டி, விரித்துச் சரிசெய்து தர அணியிலேயே ஆள் உண்டு. பலருக்கு பூட்ஸே அவர்கள் காலை அளந்து செய்யப்படுகிறது. அந்த உழைப்பைக் கழித்துவிட்டு இறுக்கத்தை மட்டும் பின்பற்றச் சொல்வது பாதியை மறைப்பது. இரண்டாவதாக, மேலே வந்தவர்களை மட்டும் எண்ணும் கணக்கு எப்போதும் தவறாகவே முடியும். வலி பொறுக்காமல் இரண்டாம் மாதமே விலகிப்போன குழந்தைகளை யாரும் எண்ணுவதில்லை.

மூன்றாவதாக, முன்னணி வீரர்களின் வழக்கம் எப்போதும் அறிவார்ந்ததாக இருந்ததில்லை என்பதற்கு இந்த விளையாட்டிலேயே சான்று இருக்கிறது. ஸ்பீடு ஸ்கேட்டில் பிளேடு பூட்ஸோடு அசையாமல் பிணைந்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால மரபு. ஆம்ஸ்டர்டாமின் வ்ரியே பல்கலைக்கழகத்தில் கெரிட் யான் வான் இங்கன் ஸ்கெனாவ் குழுவினர் அந்த மரபு கணுக்காலை முழுதாக நீட்ட விடாமல் தடுக்கிறது என்று காட்டி, முன்புறம் கீல் வைத்த ‘க்ளாப் ஸ்கேட்’டை 1980-களில் உருவாக்கினார்கள். முன்னணி வீரர்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதைத் தொடவில்லை. 1996-97 பருவத்தில் டச்சு வீராங்கனைகள் அதை அணிந்து வென்ற பிறகே நிலைமை மாறியது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பழைய சாதனைகள் அடுத்தடுத்து உடைந்தன. சாம்பியன்கள் செய்தார்கள் என்பது ஒரு வழக்கம் இருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அது சரி என்பதற்குச் சான்று ஆகாது.

பெரிய அளவு, தடித்த சாக்ஸ்

வலிதான் வழி என்ற கருத்துக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு. வலிக்கக் கூடாது என்று ஒன்றிரண்டு அளவு பெரிதாக வாங்கித் தடித்த சாக்ஸால் நிரப்புவது. பார்வைக்கு இது முதல் கருத்துக்கு நேரெதிர். அடிப்படையில் இரண்டும் ஒன்றே: காலை அளக்க வேண்டிய அவசியமில்லை என்று இரண்டும் கருதுகின்றன.

அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுமுறையில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு. இரண்டு எண் கூட்டி வாங்கினால் பாதத்துக்கு முன்னும் பின்னுமாக 17 மில்லிமீட்டர் வெற்றிடம். சாதாரணக் காலணியின் எண்ணையே கேட்டு வாங்குபவரும் இதே பள்ளத்தில் விழுகிறார். ஹாக்கி ஸ்கேட்டின் எண் பெரும்பாலும் தெருக் காலணியின் எண்ணைவிட ஒன்று முதல் ஒன்றரை வரை குறைவாக வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவும் மில்லிமீட்டர் கணக்கிலேயே அளவு தருகின்றன.

வெற்றிடம் இருந்தால் குதிகால் எழும்பும், உரசும், கொப்புளம் வரும். அதை அடக்க லேஸை இறுக்குவார்கள். நாண்கள் நசுங்கும், விரல்கள் மரக்கும். வசதிக்காகப் பெரிதாக வாங்கியவர் கடைசியில் வலியிலேயே வந்து நிற்கிறார். அந்த வலியும் ‘புது பூட்ஸ் அப்படித்தான்’ என்ற பழைய கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. குளிருக்குத் தடித்த சாக்ஸ் வேண்டும் என்பதும் நிற்காது. காலுக்குச் சூட்டைக் கொண்டுவருவது இரத்த ஓட்டம். தடித்த சாக்ஸ் பூட்ஸுக்குள் நெருக்கி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பருத்தியானால் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து காலைக் குளிரவைக்கும். மெல்லிய, ஈரம் தேக்காத ஒற்றை சாக்ஸ் போதும்.

அளவு மாறி வளரும் குழந்தைகளுக்கு மட்டும் சிறு சலுகை உண்டு: அரை எண் இடம். ‘ரெண்டு வருஷம் வரும்’ என்று கணக்கிட்டுப் பள்ளிச் சப்பாத்து வாங்கும் வழக்கம் குளிர்நாடுகளில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் நன்கு பழக்கமானது. ஸ்கேட்டில் அந்தக் கணக்கு முதல் வருடத்தையே வீணாக்கும். தளர்ந்த பூட்ஸில் குழந்தை கற்பது விழாமல் இருக்கும் தந்திரங்களை, சறுக்கக் கற்பதில்லை.

‘கணுக்கால் பலவீனம்’

ரிங்கில் முதல் நாள் இறங்குபவரின் கால்கள் உள்பக்கம் மடிந்து சாய்வதைப் பார்த்ததும் சொல்லப்படுவது, கணுக்காலுக்கு வலுவில்லை, இன்னும் விறைப்பான பூட்ஸ் வேண்டும் என்பது. இதைப் போல உடலின் மீது வீணாகப் பழி போடும் தீர்ப்பு வேறில்லை.

நீள்தட ஸ்பீடு ஸ்கேட்டர்கள் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் பிளேடில் சறுக்குகிறார்கள். அவர்கள் பூட்ஸ் கணுக்காலைச் சுற்றி உயர்ந்து நிற்பதில்லை, தாழ்வாக வெட்டப்பட்டது. அவர்களை நிமிர்த்தி வைப்பது குதிகாலை அச்சாகப் பிடிக்கும் கிண்ணமும், எடைக்கு நேர் கீழே பொருத்தப்பட்ட பிளேடும். கால் மடிவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை இவைதான்: அளவு பெரிதான பூட்ஸ், பலர் போட்டு மேல்பகுதி தொய்ந்துபோன வாடகை பூட்ஸ், கோணலாகத் திருகப்பட்ட பிளேடு, உள்வளைவு தாழ்ந்த பாதத்துக்கு ஆதாரம் தராத தட்டையான உள்தளம். இவற்றைத் திருத்தியதும் பெரும்பாலானோர் கால் நேராகிவிடுகிறது.

தேவைக்கு மீறிய விறைப்பு தனியாகவே கேடு. ஃபிகர் ஸ்கேட் பூட்ஸ்கள் குதிப்பின் கடினத்தை ஒட்டி விறைப்புத் தரம் பிரிக்கப்பட்டவை. இரட்டைச் சுழற்சித் தாவல்களுக்கான பூட்ஸை, இன்னும் ஒற்றைத் தாவலே வராத 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மாட்டினால், அந்த எடையால் அதை வளைக்க முடியாது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் மடங்காது. குழந்தை நிமிர்ந்தபடியே குதிகாலில் சாய்ந்து பின்னால் விழும். தாவி இறங்கும்போது கால் வாங்கும் விசை உடல் எடையின் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை போகிறது. இயல்பாக அதைத் தணிப்பது கணுக்காலும் முழங்காலும் மடங்கும் அசைவு. அதைத் தடுத்துவிட்டால் விசை முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறுகிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கணுக்கால் இடத்தில் கீல் வைத்த பூட்ஸை ஆய்வு செய்ததன் நோக்கமே அந்த அசைவைத் திரும்பத் தருவதுதான். விறைப்பு ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்ற எண்ணத்தை இந்த ஒரு உண்மையே தகர்க்கிறது.

பொருத்தம் பார்க்கும் முறை

வலியைத் தவிர்க்க முடியும் என்பதற்கான இறுதிச் சான்று, அதைத் தவிர்க்கும் வேலை பல கடைகளில் அன்றாடம் நடக்கிறது என்பதே.

அளவு எடுப்பது நின்ற நிலையில், எடை முழுவதும் பாதத்தில் இறங்கியபடி, இரண்டு கால்களுக்கும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. குதிகாலிலிருந்து விரல் நுனி வரை நீளம், விரல் அடிமூட்டுகளின் குறுக்கே அகலம் ஆகியவற்றோடு, குதிகாலிலிருந்து அடிமூட்டு வரையான தூரமும் வேண்டும். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் சார்லஸ் பிரானக் 1920-களில் உருவாக்கிய அளவுகோல் இம்மூன்றையும் ஒருங்கே காட்டும். பூட்ஸ் வளையும் இடமும் பாதம் வளையும் இடமும் ஒன்றாக அமைவதற்கு மூன்றாவது அளவே ஆதாரம்.

போட்டுப் பார்க்கும்போது முதலில் லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி, முழங்காலை மடக்கி, குதிகாலுக்குப் பின்னால் விரலை நுழைக்க வேண்டும். ஒரு விரல் நெருக்கமாக நுழைந்தால் நீளம் சரி. இரண்டு நுழைந்தால் பெரிது. ஹாக்கி பூட்ஸில் ஆழத்தைப் பார்க்க, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைப்பார்கள். அது இரு பக்க விளிம்புகளிலும் படியாமல் பாதத்தின் மீது ஏறி நின்றால், அந்த பூட்ஸ் அந்தப் பாதத்துக்கு ஆழம் போதாது. எவ்வளவு பழகினாலும் போதாது. பிறகு குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு உட்காரவைத்து, லேஸ் கட்டிப் பதினைந்து நிமிடமாவது கடையிலேயே நிற்க வேண்டும்.

அளவு சரியான பூட்ஸை அடுத்து அடுப்பில் சூடாக்குகிறார்கள். இளகியதும் அணிந்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, சீராக லேஸ் இழுத்து, ஆறும் வரை நடக்காமல் உட்கார்ந்திருந்தால் உட்புறம் காலின் வடிவத்தை ஏற்கிறது. அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு புள்ளி குத்தினால், அந்தப் புள்ளிக்கு மட்டும் வைத்தியம் செய்யலாம். கடையில் பொருத்தம் பார்க்கும் ஃபிட்டர் வெறுங்காலின் கணுக்கால் முண்டில் உதட்டுச்சாயத்தைத் தடவுகிறார். கால் பூட்ஸுக்குள் போய் வரும்போது உட்சுவரில் ஒரு சிவப்புக் கறை பதிகிறது. அந்தக் கறை விழுந்த இடத்தைச் சூடாக்கி, ஒரு பக்கம் உருண்டையும் மறுபக்கம் வளையமும் கொண்ட இடுக்கியை அதில் பிடித்து அழுத்துகிறார். சுவர் ஒரு பருப்பளவு வெளியே புடைக்கிறது. மாதக்கணக்கில் தாங்கச் சொல்லப்படும் வலி இந்தச் சில நிமிட வேலையில் தீர்கிறது.

லேஸுக்கும் முறை உண்டு. விரல் பக்கம் தளர்வாக, பாதம் கணுக்காலாக மாறும் வளைவில் உறுதியாக, மேலே கொக்கிகளில் முழங்கால் மடங்கும்படி மறுபடி சற்றுத் தளர்வாக. எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு இழுப்பது நரம்பைத்தான் நசுக்கும். உடனே கழற்ற வேண்டிய அறிகுறிகள் மரத்துப்போவதும், ஓரிடத்தில் எரிவதும், கூரிய வலியும். பாதம் முழுதும் இருக்கும் இறுக்கம் மட்டும் சில வாரம் பொறுக்கத் தக்கது.

செலவு என்ற வாதம்

இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு என்று சொல்லி விவாதத்தை முடிப்பவர்கள் உண்டு. அந்தக் குரலில் நேர்மை இருக்கிறது. அதற்கு மதிப்பளித்தே பதில் சொல்ல வேண்டும். லடாக்கில் ஐஸ் ஹாக்கி வேரூன்றிய காலத்தில் பலர் இராணுவ பூட்ஸின் அடியில் பிளேடைப் பொருத்தி ஆடினார்கள். பிறகும் வெளியிலிருந்து நன்கொடையாக வந்த பழைய ஸ்கேட்டுகளில் எது கிடைத்ததோ அதைப் போட்டு, மாற்றி மாற்றிப் பகிர்ந்து ஆடினார்கள். அது அவர்களின் வைராக்கியம். ஆனால் வேறு வழியில்லாமல் தாங்கியதை, வழி உள்ள இடத்தில் விதியாக்கக் கூடாது.

பொருத்தத்துக்கு வேண்டிய முதல் பொருள் பணம் இல்லை, கவனம். நின்ற நிலையில் பாதத்தைத் தாளில் வரைந்து மில்லிமீட்டரில் அளக்கச் செலவு இல்லை. சரியான அளவில், கணுக்கால் பகுதி இன்னும் தொய்யாத பழைய பூட்ஸ், தவறான அளவில் வாங்கிய புது பூட்ஸைவிட மேல். குழந்தைகள் பூட்ஸ் தேயும் முன்பே வளர்ந்துவிடுவதால் அத்தகைய பூட்ஸ் குளிர்நாடுகளில் எளிதில் கிடைக்கிறது. வாடகை பூட்ஸ் எடுப்பவர் முதலில் நீட்டிய ஜோடியோடு திருப்தி அடையாமல், மேல்பகுதியைக் கையால் மடக்கிப் பார்த்து, தொய்ந்திருந்தால் மாற்றிக் கேட்கலாம். அரை எண் குறைத்தும் கூட்டியும் போட்டுப் பார்க்கலாம். தவறான அளவில் வாங்கிய பூட்ஸ் மூலையில் கிடப்பதும், கணுக்கால் வீங்கி மருத்துவரிடம் போவதும்தான் பெரிய செலவு.

இதில் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. குழந்தை வலிக்கிறது என்று சொன்னால் முதல் கேள்வி ‘எங்கே?’ என்பதாக இருக்கட்டும். அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் அது திருத்தக்கூடிய வலி. பூட்ஸைக் கழற்றி ஃபிட்டரிடம் கொடுங்கள். அது திருத்தப்படும் வரை குழந்தையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.